துரைமார் கிண்ணமும் தொழிலாளர் தவறணையும்

ஒரு பானத்தின் சுவையை நா அறியும். அதன் வரலாற்றைச் சமுதாயமே அறியும். 'பிற்றர்' என வழங்கும் ஆங்கிலேயப் பியர் இதற்குத் தக்க சான்றாகும். அச்சொல்லின் பொருளே கசப்பு என்பது. ஆலைக்காரர் அதனை வெளிர்நிறப் பியர் என்றே அழைத்தனர். 19ஆம் நூற்றாண்டில், கசப்புக் குறைந்த 'மைல்ட்' பியரினின்றும் அதனைப் பிரித்தறியக் குடிப்போர் இட்ட பெயரே நிலைத்தது.

முளைகட்டி உலர்த்திய வாற்கோதுமை அதற்குப் பொன்னிறம் முதல் செம்பழுப்பு வரையான நிறத்தை அளிக்கிறது. ஹொப்ஸ் பூ கசப்பையும் மணத்தையும் தருகிறது. மேற்பரப்பிலே திரண்டு நொதிக்கும் மதுவம் பழச்சாயலைச் சேர்க்கிறது. மதுசாரம் பெரும்பாலும் நூற்றுக்கு 3.5 முதல் 5 வரையே. பீப்பாயினுள் மீண்டும் நொதித்தபின், நிலவறையின் 12 பாகை செல்சியஸ் அளவான குளிர்ச்சியோடு கைப்பம்பினால் இறைத்து வார்ப்பது மரபு. பேர்ட்டன் நகரக் கிணற்று நீரிலுள்ள கல்சியம் சல்பேற்று இக்கசப்பைக் கூர்மையாக்கிப் புகழ் தேடித் தந்தது.

இங்கிலாந்திலேயே இக்கிண்ணத்தில் வர்க்கக்கோடு இருந்தது. மலிவான மைல்ட் உழைப்பாளிக்கு; விலை கூடிய பிற்றர் வசதியுள்ளோர்க்கு. 1960களில் பிற்றர் பொதுமக்கள் பானமாகியபோதே அக்கோடு மங்கியது.

நமது மலையகத்திலோ அக்கோடு மதிலாகவே எழுந்தது. ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவின் குளிர் ஆங்கிலேயருக்குத் தாயகத்தை நினைவூட்டியது. 1848இல் அங்கு குடியேறிய சாமுவேல் பேக்கர் ஓர் ஆங்கிலக் கிராமத்தையே நிறுவ முயன்றார். 1876இல் ஹில் கிளப் தோன்றியது. 1881இல் பியர் ஆலை நிலைபெற்றது. மலைநீரும் குளிரும் இங்கேயே கிடைத்தன; ஹொப்ஸ் கப்பலேறி வந்தது. கிண்ணம் துரைமார் கையை அடைந்தது.

கோப்பியையும், 1867இற்குப் பின் தேயிலையையும் வளர்த்த தமிழ்த் தொழிலாளருக்கு வாய்த்தது தவறணை. சாராயம் விற்கும் உரிமையை அரசு ஏலத்தில் விட்டது, குத்தகையாளர் செல்வந்தராயினர், அரசின் வருமானமும் பெருகியது. பகலெல்லாம் மழையிலும் பனியிலும் உழைத்து ஈட்டிய கூலியின் ஒரு பகுதி மாலையிலே தவறணைக்குத் திரும்பியது. 1904இலும் 1912இலும் நாட்டில் மதுவொழிப்பு இயக்கம் கிளர்ந்தெழுந்தபோது இவ்வருமானமே கண்டனத்துக்குள்ளாயிற்று.

மாலையில் கிளப்பிலே அருந்திய துரை நாகரிகமானவர் எனப்பட்டார். தவறணையிலே அருந்திய தொழிலாளி குடிகாரன் எனப்பட்டான். இருவரும் அருந்தியது மதுவே. பெயரை வேறாக்கியது மதுசாரத்தின் அளவன்று, அதிகாரத்தின் அளவே.

1998இல் பியர் உற்பத்தி பியகமவுக்குப் பெயர்ந்தது. எனினும், தோட்டத்து மக்கள் குடித்தே கெட்டனர் என்னும் பழிச்சொல் மலையைவிட்டு இறங்கவில்லை. அச்சொல்லை வகுப்பறையிலே கேட்கும்போது, தவறணையைத் திறந்தவர் யார், குத்தகைப் பணத்தை எண்ணியவர் யார் என்று மாணவரை வினவச் செய்வது நம் கடமையாகும்.