விதியின் செயலா?

மாத்தளைக்கும் தம்புள்ளைக்கும் இடைப்பட்ட நெடுஞ்சாலை, ஈழத்தின் பழைய துயரச் சாலைகளுள் ஒன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கெனத் தமிழகத்திலிருந்து அழைத்துவரப்பட்ட தொழிலாளர், மன்னார்க் கரையில் இறங்கி, நீரற்ற காடுகளைக் கால்நடையாய்க் கடந்து இவ்வழியேதான் மலைநாட்டை அடைந்தனர். பசிக்கும் கொள்ளைநோய்க்கும் வழியிலேயே பலியானோர் பலர். அவர்தம் தொகையை எவரும் செவ்வையாய்க் கணக்கிட்டு வைத்திலர். 'அவர்கள் விதி' என்ற ஒரு சொல்லோடு அன்றைய உலகம் வாளாவிருந்துவிட்டது.

அதே சொல்லை இன்று அதே மாவட்டத்தில் வேறொரு மரணத்தின் முன்னும் கேட்கிறோம். கலேவெலையில் வெங்காயம் பயிரிட்டு விலை வீழ்ச்சியால் கடனாளியான உழவன், றத்தோட்டைத் தோட்டத்து லயத்தில் குடிகாரக் கணவனோடு போராடி ஓய்ந்த பெண், பரீட்சையில் தவறிய மாணவன் - இவர்களுள் ஒருவர் தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டால், 'விதி' என்கிறார் ஒருவர். 'கோழைத்தனம்' என்கிறார் மற்றொருவர். இவ்விரண்டும் உண்மைதானா? வரலாற்றைக் கேட்போம்.

1950 இல் இலங்கையில் ஓரிலட்சம் பேருக்கு ஏறத்தாழ ஆறு அல்லது ஏழு பேரே தற்கொலையால் மாண்டனர். 1995 இல் அத்தொகை நாற்பத்தேழு அளவுக்கு உயர்ந்து, உலகிலேயே மிக அதிகமான வீதங்களுள் ஒன்றாயிற்று. நாற்பத்தைந்து ஆண்டுகளில் ஒரு நாட்டு மக்களின் தலையெழுத்து ஏழு மடங்கு கெட்டுப்போகுமா? அவர்களின் நெஞ்சுரம் ஏழு மடங்கு தேய்ந்துபோகுமா? பகுத்தறிவு இதை ஏற்காது.

மாறியது வேறு. பசுமைப் புரட்சியின் பெயரால் புதிய விதைகள் வந்தன; அவற்றோடு பூச்சிகொல்லிகளும் வந்தன. உழவர் அவற்றை 'மருந்து' என்றே அழைத்தனர். இன்றும் அப்படியே அழைக்கின்றனர். பயிரைக் காக்க வந்த அந்த மருந்து, நெல்மூட்டைக்கு அருகே, குழந்தை உறங்கும் அறையிலேயே இடம்பிடித்தது. கணநேரக் கோபத்திலும் அவமானத்திலும் மனம் தடுமாறியவருக்கும் சாவுக்கும் இடையில் தூரமே இல்லாது போயிற்று. இவர்களுட் பலர் சாவதற்கென நெடுநாள் திட்டமிட்டவரல்லர்; சில நிமிடங்களில் முடிவெடுத்தவர். மருத்துவமனைக் கட்டிலில் கண்விழித்தபோது உயிருக்காக மன்றாடியவரும் பலர்.

இவ்வுண்மையை உணர்ந்த அறிஞர் வாளாவிருக்கவில்லை. 1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டம் பூச்சிகொல்லிகளைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை அரசுக்கு அளித்தது. 1984 முதல் கொடிய நஞ்சுகள் ஒவ்வொன்றாய்த் தடைசெய்யப்பட்டன. 1995 இலும் 1998 இலும் தடைகள் விரிந்தன. 2008 க்குப் பின் மேலும் சில விலக்கப்பட்டன. விளைவு என்ன? 1995 க்கும் 2015 க்கும் இடையில் தற்கொலை வீதம் நூற்றுக்கு எழுபது அளவு குறைந்தது. இத்தடைகளால் காப்பாற்றப்பட்ட உயிர்கள் ஏறத்தாழ 93,000 என ஆய்வாளர் மதிப்பிட்டுள்ளனர். விளைச்சலோ இத்தடைகளால் வீழ்ந்துவிடவில்லை.

சட்டத்தின் மறுபக்கமும் திருந்தியது. 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை, தற்கொலைக்கு முயன்று பிழைத்தவரைக் குற்றவாளி என்றது. பொலீசுக்கு அஞ்சிய குடும்பங்கள் உண்மையை மறைத்தன. உதவி நாட வேண்டிய வேளையில் கதவை அடைத்துக்கொண்டன. 1998 இல் இக்கொடுமை நீக்கப்பட்டது. துன்புற்றவன் தண்டிக்கப்பட வேண்டியவனல்லன், தாங்கப்பட வேண்டியவன் என்னும் நீதியை இந்நாட்டுச் சட்டம் ஏற்க நூற்றுப் பதினைந்து ஆண்டுகள் சென்றன!

ஆயினும் நஞ்சை விலக்குவது துயரை விலக்குவதாகாது. வீட்டிலுள்ள பூச்சிகொல்லியைப் பூட்டிவைக்கப் பெட்டி வழங்கினால் போதுமா என்று அநுராதபுர மாவட்டத்தின் 180 கிராமங்களில் ஆராய்ந்தனர். 2017 இல் வெளியான முடிவு, பெட்டியால் பயன் விளைந்ததற்குச் சான்றில்லை என்றது. பூட்டு மட்டும் மனிதனைக் காவாது. மனிதனுக்கு மனிதனே காவல்.

இதை முன்னரே உணர்ந்தோர் உண்டு. இலண்டனில் 1953 இல் சாட் வாரா என்னும் பாதிரியார், நம்பிக்கை இழந்தோரின் குரலைச் செவிமடுக்க ஓர் இயக்கம் தொடங்கினார். 1974 இல் கொழும்பில் 'சுமித்ரயோ' பிறந்தது. 1986 இல் சென்னையில் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 'சிநேகா'வை நிறுவினார். இவர்கள் செய்வது பெருவித்தை அன்று: இடைமறியாமல், பழிக்காமல், இரகசியம் காத்துக் கேட்பது. தேசிய மனநல நிறுவனமும் 1926 என்னும் தொலைபேசி இலக்கத்தில் உதவி வழங்கிவருகிறது.

எனினும் ஓர் ஐயம் எழுகிறது. நெஞ்சின் வலியை இரவல் மொழியில் சொல்ல முடியுமா? தமிழும் அரசகரும மொழியென 1987 இன் 13 ஆவது திருத்தம் கூறுகிறது. லயத்திலிருந்து மலையிறங்கி வரும் தாய், மருத்துவர் முன் தன் தாய்மொழியில் அழ முடிந்தால்தான் அவ்வரி உயிர்பெறும். அதுவரை அது ஏட்டுச் சுரைக்காயே.

நாம் செய்யத்தக்கது யாது? மாத்தளையில் சிங்களக் கிராமமாயினும் தமிழ்த் தோட்டமாயினும் மரண உதவிச் சங்கம் ஒன்று இருக்கக் காண்கிறோம். சாவு நேர்ந்ததும் பந்தலிடவும் பணம் திரட்டவும் அது ஓடிவருகிறது. அந்தக் கைகள் சாவுக்கு முன்னரே நீளலாகாதா? வகுப்பில் ஓர் இருக்கை சில நாள் வெறிதாயிருந்தால் ஆசிரியர் அவ்வீட்டுப் படியேறட்டும். வீடுவீடாய்ச் செல்லும் குடும்பநல மாது, தாயின் எடையோடு அவள் முகத்தையும் பார்க்கட்டும். தொழிற்சங்கம் சம்பளத்தோடு கடன்சுமையையும் பேசட்டும். 'சாக வேண்டும் போலிருக்கிறதா?' என்று அன்போடு கேட்பதால் அவ்வெண்ணம் விதைக்கப்படுவதில்லை. சுமை இறங்கவே அது வழிசெய்கிறது.

மனிதர் வகுத்த முறைகளால் ஏறிய தொகை, மனிதர் முயற்சியால் இறங்கியது. விதியாயின் இறங்கியிருக்குமா? எஞ்சியுள்ள உயிர்களும் நம் பொறுப்பே. மரண உதவிச் சங்கங்கள் வாழ்வுதவிச் சங்கங்களாக மாறும் நாளை நாமே தொடங்கிவைப்போம்.