நம் கரைக்கு வந்த புரொப்பல்லர் – ஒரு வரலாற்றுக் குறிப்பு

பொன்விழாவை முன்னிட்டுப் பழைய பங்கு மனையின் பண்டக அறையைத் துப்புரவு செய்தபொழுது, உடைந்த மெழுகுதிரித் தண்டுகளுக்கும் கறையான் அரித்த சப்பரக் கால்களுக்கும் அடியில், மூன்று இலைகள் கொண்ட அலுமினியப் புரொப்பல்லர் ஒன்று நம் கைக்குக் கிடைத்தது. ஓர் இலையின் நுனி ஒடிந்திருந்தது. நடுக்குடத்தின் பள்ளத்தில் துருவேறிய இரும்பாணித் துண்டு ஒன்று இறுகிக் கிடந்தது. விழாக் குழு இளைஞர்கள் அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்றனர். அங்கு நின்றிருந்த முதியவர் ஒருவர் மட்டும் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எங்க அண்ணனுக்க என்ஜின்ல கிடந்ததாக்கும், சாமி" என்றார்.

மலர்க் குழுவினர் நம்மிடம் கேட்டது ஒரு வரலாற்றுக் கட்டுரை. கோவில் எழுந்த கதையும், இங்குப் பணியாற்றிய குருக்களின் வரிசையும் மற்றப் பக்கங்களில் வருகின்றன. ஆகவே அந்தப் புரொப்பல்லரின் வரலாற்றை எழுதத் துணிந்தோம். நம் பங்கின் அரை நூற்றாண்டில் எத்தனையோ வீடுகளின் அடுப்பு எரிந்ததும் அணைந்ததும் அதைப் பொறுத்தே என்பதால், இது விழா மலருக்குப் புறம்பான பொருள் என்று எவரும் சொல்லமாட்டார்கள் என நம்புகிறோம்.

குருமடத்தில் இலத்தீன் இலக்கணத்தோடு மல்லாடியவர்களுக்கு இச்சொல்லின் பொருள் எளிதில் விளங்கும். 'புரோ' என்றால் முன்னே, 'பெல்லரே' என்றால் தள்ளுதல். முன்னே தள்ளுவது புரொப்பல்லர். மரத்தில் திருகாணி எவ்வாறு ஒவ்வொரு சுற்றுக்கும் ஓரளவு உள்ளே செல்கிறதோ, அவ்வாறே இது தண்ணீரைத் திருகிக்கொண்டு முன்னேறுகிறது. ஒரு சுற்றில் எத்தனை அங்குலம் முன்னேற வேண்டும் என்ற கணக்கையே 'பிட்ச்' என்கிறார்கள். தண்ணீர் மரத்தைப் போலக் கெட்டியானதன்று, சற்று வழுக்கும், ஆகவே கணக்கில் உள்ள தூரம் கடலில் முழுவதும் கிடைப்பதில்லை.

தண்ணீரை இறைக்கும் திருகு மிகப் பழையது. கிறிஸ்து பிறப்பதற்கு முன் மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆர்க்கிமிடீசின் பெயரால் அது வழங்கப்படுகிறது. ஆனால் அதைக் கப்பலின் அடியில் பூட்டும் எண்ணம் பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் உருப்பெற்றது. திரியெஸ்த் நகரில் வனத்துறையில் பணியாற்றிய யோசெப் ரெசல் 1827-இல் அதற்கு உரிமம் பெற்று, 1829-இல் ஒரு படகில் பொருத்தி ஓட்டினார். நீராவிக் குழாய் ஒன்று வெடிக்கவே, காவல்துறையினர் மேற்கொண்டு சோதனை வேண்டாம் என்று தடுத்துவிட்டனர். 1836-இல் இங்கிலாந்தில் பிரான்சிஸ் பெட்டிட் ஸ்மித் என்ற விவசாயியும், சுவீடன் நாட்டு ஜான் எரிக்சனும் தனித்தனியே உரிமம் பெற்றனர்.

ஸ்மித்தின் கதை நம் மக்களுக்குப் பிடிக்கும். இரண்டு முழுச் சுற்றுகள் கொண்ட மரத் திருகு ஒன்றைச் செய்து, 1837 பிப்ரவரியில் ஒரு கால்வாயில் படகை ஓட்டிக்கொண்டிருந்தார். திருகு எதிலோ மோதிப் பாதி உடைந்து போயிற்று. படகு நின்றுவிடும் என்று நினைத்தார். மாறாக, மணிக்கு 4 மைல் சென்ற படகு 8 மைல் வேகத்தில் பாய்ந்தது! நீளமான திருகு வேண்டாம், குறுகிய இலைகளே போதும் என்ற பாடத்தை உடைந்து போன துண்டு கற்பித்தது. 1845 ஏப்ரலில் ஆங்கிலக் கடற்படையினர், திருகு பூட்டிய 'ராட்லர்' கப்பலையும் பக்கச் சக்கரம் பூட்டிய 'அலெக்டோ' கப்பலையும் வால்புறமாகக் கட்டி, இழுப்புப் போட்டி வைத்தனர். அலெக்டோ முழு வேகத்தில் சக்கரத்தைச் சுழற்றியும், ராட்லர் அதைப் பின்னோக்கி இழுத்துச் சென்றது. நம் திருவிழாக்களில் வடம் இழுத்துப் பார்த்தவர்களுக்கு இக்காட்சியை விளக்க வேண்டியதில்லை.

புரொப்பல்லரைக் கழற்றி எடுக்கும் வேலையும் அன்றே தொடங்கிவிட்டது எனலாம். பாய் விரித்து ஓடும்பொழுது, நீருக்குள் சும்மா கிடக்கும் திருகு வேகத்தைக் குறைக்கும் அல்லவா? ஆகையால் 1860-இல் நீரில் இறங்கிய 'வாரியர்' என்ற போர்க்கப்பலில், அதைக் கப்பலுக்குள் மேலே தூக்கி வைக்கும் அமைப்பு இருந்தது. அதைத் தூக்கக் கயிறு பிடித்து இழுத்தவர்கள் 600 பேர் வரை! இன்று நம் கரையில் ஒரு சிறுவன் மணலில் குந்தியிருந்து ஒரு குறட்டைக் கொண்டு அதே வேலையைச் செய்கிறான்.

அதற்கு வழி செய்தவர்களுள் ஒருவர் நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் மில்வாக்கி நகரில் வாழ்ந்த ஓலே எவின்ரூட். படகின் பின்பலகையில் மாட்டிக் கழற்றக்கூடிய என்ஜின்கள் அவருக்கு முன்பே இருந்தன. எனினும் அவர் 1909-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த என்ஜினே பரவலாக நிலைபெற்றது. ஒரு கோடை நாளில் தம் வருங்கால மனைவிக்காக ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு ஏரியில் துடுப்பு வலித்து வந்தார் என்றும், வந்து சேருமுன் அது உருகிவிட்டது என்றும், அந்த ஏமாற்றமே என்ஜினுக்கு வித்திட்டது என்றும் சொல்வார்கள். ஜப்பானில் யமகா 1960-இலும், சுசுகி 1965-இலும் இவ்வகை என்ஜின்களில் இறங்கின. அரசு ஏடுகள் இதை 'வெளிப்பொருத்தும் இயந்திரம்' என்கின்றன. நம் கரையில் அதற்குப் பெயர் என்ஜின், அவ்வளவுதான்.

இனி நம் கரைக்கு வருவோம். 1952-இல் கையெழுத்தான இந்திய–நார்வே ஒப்பந்தத்தின்படி நீண்டகரைப் பக்கம் விசைப்படகுகள் வந்தன. அவை படகின் வயிற்றில் என்ஜின் கொண்டவை. நம் அலைவாய்க் கரையில் ஏற்றி இறக்க ஏற்றவையல்ல. குமரி மாவட்டத்துக் கட்டுமரங்களும் வள்ளங்களும் நெடுங்காலம் பாயையும் துடுப்பையுமே நம்பியிருந்தன. பெல்ஜிய நாட்டினரான பியர் கில்லட் முட்டத்தில் படகு கட்டும் நிலையத்தில் உழைத்து, பிளைவுட் தகடுகளைச் செப்புக் கம்பியால் தைத்துப் பசையிட்டுக் கட்டும் இலேசான படகுகளைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தார். கயிற்றால் தைத்த வள்ளத்தைத் தலைமுறை தலைமுறையாக அறிந்த நம்மவருக்குத் தைத்த படகு புதுமையாகத் தோன்றவில்லை போலும். அந்த அனுபவத்தை அவர் 1985-இல் ஆங்கில நூலாக்கியபொழுது, 'சிறியது கடினமானது' என்ற பொருள்படும் தலைப்பிட்டார். 'சிறியதே அழகு' என்று ஷூமாக்கர் 1973-இல் எழுதிய நூலுக்கு, கடற்கரையிலிருந்து சென்ற மறுமொழி அது.

1980-களின் தொடக்கத்தில் அந்தப் படகுகளுக்கும் கட்டுமரங்களுக்கும் என்ஜின் வந்தது. அது சுகத்துக்காக வந்ததன்று. இழுவைமடிப் படகுகள் கரையோரம் வாரிக்கொண்டு போகவே, நம்மவர் தொலைவுக்குச் செல்ல வேண்டியதாயிற்று. அந்தப் பூசல்களின் விளைவாகவே 1983-இல் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் பிறந்தது. என்ஜினின் விலையோ தனியொருவன் தாங்கக்கூடியதன்று. கடன் வாங்கித்தான் வாங்கினார்கள். புது என்ஜினை மந்திரிக்கக் கூப்பிட்டுப் போன இடங்களில், வீட்டுப் பெண்களின் முகத்தில் மகிழ்ச்சியோடு அச்சமும் கலந்திருந்ததை நாம் சிறு வயதில், பூசை உதவிக்குச் செல்லும் பையனாக, கண்டிருக்கிறோம்.

அக்காலத்துச் சிறு என்ஜின்கள் பலவற்றில் புரொப்பல்லரைச் சுழற்றியது 'ஷியர் பின்' என்னும் சிறு முளைதான். சுழலும் தண்டின் துளை வழியே அது குறுக்காகச் செல்லும்; அதன் இரு நுனிகளும் புரொப்பல்லர்க் குடத்தின் பள்ளத்தில் உட்காரும். பாறையிலோ, மிதக்கும் கட்டையிலோ, கரை மணலிலோ இலை மோதினால், அந்த முளை அறுந்துபோகும். தண்டு சுழலும், புரொப்பல்லர் நிற்கும். உள்ளேயிருக்கும் விலையுயர்ந்த பற்சக்கரங்கள் தப்பும். வேண்டுமென்றே மென்மையான உலோகத்தில் செய்தது அது. இதை விளங்கிக்கொள்வது நம்மவருக்குக் கடினமாயிருந்தது. கட்டுமரக் கயிறு அறுந்தால் அதைவிடக் கெட்டியான கயிற்றைக் கட்டிப் பழகியவர்கள், முளை உடைந்தால் கெட்டியான முளையைத் தேடாமல் என்ன செய்வார்கள்?

அந்த முதியவர் சொன்ன கதை இதுதான். அண்ணனும், தம்பியாகிய அவரும், மச்சானும் ஒரே படகில் தொழில் செய்தனர். ஒருநாள் அந்தி நேரத்தில் கரைக்குத் திரும்புகையில் மிதந்து வந்த மரத்தடியில் மோதி முளை அறுந்தது. என்ஜின் இரைந்தது, படகு நகரவில்லை. கையிருப்பில் இருந்த முளைகள் முன்பே தீர்ந்துபோயிருந்தன. நீரோட்டம் படகைப் பாறைப் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. அண்ணன் பெட்டியில் கிடந்த எஃகு ஆணியை முளையின் அளவுக்கு ஒடித்து உள்ளே செருகினார். வீடு வந்து சேர்ந்தனர். மூன்று உயிரை அந்த ஆணி காப்பாற்றியது என்று அவர் இன்றும் சொல்கிறார். நாமும் அதை மறுக்கவில்லை. தவறு மறுநாள் காலையில்தான் நேர்ந்தது. ஆணி நன்றாக ஓடுகிறதே என்று எவரும் அதை மாற்றவில்லை.

ஒன்பது நாள் ஓடியது. பத்தாம் நாள் கரையேறும்பொழுது என்ஜினை நேரத்தில் தூக்காததால் இலை மணலில் குத்தியது. ஆணி உடையவில்லை, வளைந்தது. உள்ளே பற்சக்கரம் நொறுங்கியது. வளைந்த ஆணி தண்டின் துளையிலிருந்து வெளியே வரமறுத்தது. அறுத்துத்தான் புரொப்பல்லரை எடுத்தார்கள். மாற்றுப் பற்சக்கரம் வந்துசேர மூன்று மாதம். அவை மீன்பாடு மிகுந்த மாதங்கள். தவணை தவறியது, சங்கிலி அடகுக்குப் போனது, அண்ணன் வெளியூர்ப் படகில் கூலிக்குச் சென்றார். கடன் தீர நான்கு ஆண்டு ஆயிற்றாம்.

பின்னாளில் சற்றுப் பெரிய என்ஜின்களில் முளைக்குப் பதிலாக, குடத்துக்குள் ரப்பர் புஷ் வந்தது. மோதினால் ரப்பர் வழுக்கிக் கொடுக்கும். பலமுறை வழுக்கினால் அது தேய்ந்து, என்ஜின் இரைச்சலுக்கு ஏற்ற ஓட்டம் இராது.

கழற்றும் முறையையும் இங்கே எழுதி வைக்குமாறு இளைஞர் சிலர் கேட்டனர். நாம் மெக்கானிக் அல்லோம். கரையில் கண்டதையும் கேட்டதையும் சொல்கிறோம். முதலில் கியரை நடுநிலையில் வைத்து, பிளக்கின் மூடியைக் கழற்றிவிட வேண்டும். இதைச் செய்யாமல் இலையைக் கையால் சுழற்றியதால் என்ஜின் உதறி, இரு விரல்களை இழந்தவர் ஒருவர் இன்றும் நம் பூசைக்கு வருகிறார். அடுத்து, நட்டைப் பூட்டியிருக்கும் காட்டர் பின்னின் கால்களை நேராக்கி உருவவேண்டும். இலைக்கும் மேல்தகட்டுக்கும் நடுவே மரக்கட்டை வைத்துக்கொண்டு நட்டைத் திருகினால் புரொப்பல்லர் சுழலாது, கையும் வெட்டுப்படாது. வாஷரை எடுத்தபின் புரொப்பல்லர் கையோடு வரவேண்டும். வராவிட்டால் உப்பு பிடித்துவிட்டது என்று பொருள். சுத்தியலால் அடித்தால் தண்டு வளையும். எண்ணெய் விட்டுப் பொறுத்திருந்து இழுப்பதே நல்லது. அதன் முன்னே உள்ள தடித்த வாஷரை மணலில் தொலைத்துவிட்டுத் தேடாத வீடு நம் பங்கில் உண்டோ என்பது ஐயமே.

எடுத்த இடத்தில் பார்க்க வேண்டியது நைலான் இழை. அறுந்த வலைநூல் தண்டில் சுற்றி, எண்ணெய் சீலை அறுத்துவிடும். கியர் எண்ணெய் பால் நிறமாக மாறினால் தண்ணீர் புகுந்துவிட்டது. தண்டுக்குக் கிரீஸ் தடவி, கழற்றிய வரிசையின் மறுவரிசையில் பூட்டவேண்டும். காட்டர் பின் மட்டும் புதிதாக இருக்கட்டும்.

2004 டிசம்பர் 26-இல் கடல் புகுந்தபின், மணலுக்குள் புதைந்த என்ஜின்களைத் தோண்டி எடுத்துக் கழற்றிக் கழுவியவர்கள், இந்த வரிசையை இருட்டிலும் தவறாமல் செய்யக் கற்றிருந்தவர்களே. அவர்களில் அந்த அண்ணனும் ஒருவர். பிறர் என்ஜின்களைப் பழுதுபார்க்கும் கைத்தொழிலை, தம் கடன் காலத்தில் வெளியூரில் அவர் கற்றுவந்திருந்தார். இப்பொழுது அவர் உயிரோடு இல்லை.

புரொப்பல்லர் பங்கு மனைக்கு எப்படி வந்தது என்று கேட்டோம். கடன் காலத்தில் ஒரு சிபாரிசுக் கடிதம் கேட்டு அண்ணன் அன்றைய பங்குத் தந்தையிடம் வந்தாராம். கையில் இது இருந்ததாம். "இதெ இங்க வச்சுக்கிடுங்க சாமி, வீட்ல வச்சா இதெப் பாத்து தெனமும் சண்டையாக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

விழாக் கண்காட்சியில் இதை மண்டப வாயிலருகே வைக்கிறோம். ஆணித் துண்டைத் தட்டி எடுத்துத் துடைத்து வைக்கலாமா என்று முதியவரிடம் கேட்டோம். "வேண்டாம் சாமி, அது அங்கயே கெடக்கட்டும்" என்றார்.