பத்தொன்பது ஆண்டுத் தாமதம்

1957இல் சார்லஸ் நியூமன் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். விபத்தில் காதின் பெரும்பகுதியை இழந்த ஒருவருக்கு, காதை ஒட்டிய தோலின் அடியில் ரப்பர் பலூன் ஒன்றைப் புதைத்து, வெளியே விட்ட குழாய் வழியாக வாரக்கணக்கில் காற்றேற்றி, அப்படி விரிந்த தோலைக் கொண்டு புதுக் காதை மூடியதாக அதில் எழுதியிருந்தார். யாரும் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. 1976இல் செடோமிர் ராடோவன் வாஷிங்டனில் சிலிகோன் பையை வைத்து இதே வேலையைச் செய்த பிறகுதான் இது ஒரு சிகிச்சை முறையாக வேரூன்றியது. இடைப்பட்ட பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம், தகுந்த பொருள் அப்போது இல்லை என்பது. அதில் பாதி உண்மை உண்டு. நியூமனின் குழாய் தோலைத் துளைத்து வெளியே வந்தது, கிருமி நுழைய அதுவே வழி. ராடோவனோ வால்வையும் தோலுக்கடியிலேயே வைத்து, ஊசியால் குத்தி உப்புநீரைச் செலுத்தினார். ஆனால் மூளையில் தேங்கும் நீரை வடிக்கும் சிலிகோன் வால்வு 1956லேயே வந்துவிட்டது. சிலிகோன் மார்பகப் பை 1962இல் வந்தது. உதிரிபாகங்கள் எல்லாம் பத்தாண்டுக்கு மேல் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தன.

தடையாக இருந்தது, உடலில் தோல் இவ்வளவுதான் என்ற பழைய கணக்கு என்றே நினைக்கிறேன். சுசுருதர் கன்னத்துத் தோலை எடுத்து மூக்கு அமைக்கச் சொன்னார். 1794இல் லண்டன் பத்திரிகையில் வெளியாகி ஐரோப்பாவை வியக்கவைத்த இந்திய அறுவையில் நெற்றித்தோல் மூக்கானது. 1869இல் ரெவெர்டின் என்ற மருத்துவர் சிறு தோல் துணுக்குகளை ஒட்டினார். முதல் உலகப் போரில் கில்லீஸ் என்ற அறுவை மருத்துவர் தோலைக் குழாயாகச் சுருட்டி முகத்துக்கு நகர்த்தினார். எல்லாமே ஓரிடத்தில் கடன் வாங்கி இன்னோரிடத்தில் அடைக்கும் வேலை, எடுத்த இடத்தில் புதுத் தழும்பு நிச்சயம். தோல் வளரும் என்பதற்கான சாட்சியோ எங்கும் கண்முன் இருந்தது. கர்ப்பிணியின் வயிறு அதைத்தான் காட்டுகிறது. தென் தமிழ்நாட்டில் பாம்படம் என்ற கனத்த காதணி அணிந்த பெண்களின் காதும் அதைத்தான் காட்டியது. சுசுருத சங்கிதையிலும் காதுமடலை நீட்டுவதும் அறுந்ததைத் தைப்பதும் விரிவாகவே உண்டு. அந்த நீட்சியை இன்னோர் உறுப்பைச் சீரமைக்கும் மூலதனமாகப் பார்க்கத்தான் ஆளில்லை.

நியூமன் செய்தது ஒரே ஒரு நோயாளிக்கு, அதை நம்பி மற்றவர்கள் ஏன் இறங்க வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. புற்றுநோயால் மார்பகம் இழந்த பெண்களுக்கு அதை மீட்டமைக்கும் தேவை எழுபதுகளில் பெருகியதும் ராடோவனுக்குக் கைகொடுத்தது. தீத்தழும்புக்காரர்கள் அந்த வாசல் வழியாகவே பயனடைந்தார்கள். இதைவிடக் கனமான எதிர்வாதம், விரிந்த தோல் இழுத்த ரப்பர்போல மெலிந்து, வெட்டி நகர்த்தினால் செத்துவிடாதா என்பது. எண்பதுகளின் தொடக்கத்தில் ஆஸ்டாட் என்ற அறுவை மருத்துவர் கினிப்பன்றிகளில் சோதித்தபோது மேல்தோல் மெலியவில்லை, தடித்திருந்தது, உள்தோல்தான் மெலிந்தது. பன்றிகளில் நடந்த இன்னொரு சோதனையில், விரித்த தோலில் வெட்டிய மடல்கள் (ஒரு பக்கம் உடலோடு ஒட்டியிருக்க வெட்டி நகர்த்தும் தோல்) சாதாரண மடல்களைவிட நீளமாகப் பிழைத்தன. பையைச் சுற்றி உருவாகும் நார்ச்சவ்வில் ரத்தநாளங்கள் செழிப்பதே காரணம். எல்லாமே வளர்ச்சி என்று சொல்லிவிடவும் முடியாது. ஒரு பங்கு வெறும் இழுவைதான், பையை எடுத்ததும் அது சுருங்கிவிடும். அதனால்தான் தேவைக்கு மேலேயே விரிக்கிறார்கள்.

தழும்புக்கு இதனால் கிடைப்பது பெரிது. தொடையிலிருந்து எடுத்து ஒட்டிய தோல் முகத்தில் நிறம் மாறித் திட்டாகத் தெரியும், நாளடைவில் சுருங்கவும் செய்யும். பக்கத்துத் தோலையே விரித்து, தழும்பை வெட்டியெடுத்து, அந்த இடத்துக்கு நகர்த்தினால் நிறமும் தன்மையும் பொருந்திப்போகும். விலையும் உண்டு: இரண்டு அறுவை, இடையே வாரக்கணக்கில் புடைத்த முகம், கிருமி தொற்றினால் பையை இழக்கும் ஆபத்து. கைகால்களில், முக்கியமாக முழங்காலுக்குக் கீழே, இந்த ஆபத்து கூடுதல் என்பதால் அங்கே தயங்குவது சரியே. தலையில் மட்டும் இதற்குப் போட்டியில்லை. தலைமுடி உள்ள தோலை உடலின் வேறெந்த இடமும் தராது. தீயில் பாதித் தலை வெந்து வழுக்கையான குழந்தைக்கு, மிச்சமுள்ள பாதியை விரித்தே முழுத் தலையையும் மூட முடிகிறது. ஆனால் முடிவேர்கள் பெருகுவதில்லை, இடைவெளிதான் அகலும். ஏறக்குறைய இருமடங்கு விரியும்வரை அது கண்ணுக்குத் தெரியாது.