ஏரி போனாலும் கரகம் வரும்

வியாச பாரதத்தில் திரௌபதியின் முடிவு பரிதாபமானது. இமயமலைப் பாதையில் முதலில் விழுபவள் அவள்தான். அர்ச்சுனன்மேல் கூடுதல் பிரியம் வைத்தாளாம், அதனால் விழுந்தாள் என்று காரணம் சொல்லிவிட்டுத் தர்மர் திரும்பிப் பாராமல் நடக்கிறார். பெங்களூரில் இந்த முடிவு செல்லாது. இங்கே திரௌபதி விழவில்லை, நின்றாள். வழிமறித்த திமிராசுரனை ஆதிசக்தியாக எழுந்து எதிர்த்தாள். வீரகுமாரர்களைப் படைத்து அவனை ஒழித்தாள். அவள் புறப்பட்டபோது அந்தப் பிள்ளைகள் விடவில்லை. வருஷத்துக்கு ஒருமுறை வருகிறேன் என்று வாக்குக் கொடுத்தாள். சைத்ர மாதப் பௌர்ணமி நள்ளிரவில் தர்மராயசாமி கோயிலிலிருந்து கரகம் கிளம்புவது அந்த வாக்குக்காக.

என் பாட்டி வடாற்காட்டுக்காரி. அவளுக்குத் திரௌபதி என்றால் தெருக்கூத்தும் தீமிதியும். புடவை கட்டி, வளையல் போட்டு, மல்லிகைக் கூண்டுக்குள் ஓர் ஆண் கரகம் சுமந்து நடந்துவருவதைப் பார்த்தால், "இவ பேட்டைக்காரங்க பாஞ்சாலி" என்பாள். சரியான பேச்சு. நாங்கள் இருக்கும் ஆஸ்டின் டவுன் கண்டோன்மென்ட் பக்கத்து ஊர்; 1809இல் பட்டாளம் வந்து இறங்கிய பிறகு உண்டான உலகம் அது. பேட்டை என்ற பழைய நகரத்தில் கரகம் எடுக்கும் திகளர்கள் எங்களுக்கு வெகுகாலம் முன்பே வந்தவர்கள். தோட்டக்காரர்கள். அவர்கள் பேச்சில் தமிழ் இன்னும் ஒட்டியிருக்கிறது.

புராணம் எதற்கு? இடி எப்படி வந்தது, மழை எப்படி வந்தது என்று விளக்கத்தான் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி 1926இல் சொன்னது பொருந்துகிறது. டிரோபிரியாண்ட் தீவுகளில் ஒரு குலத்தின் மூதாதை இன்ன துளை வழியாக மண்ணுக்கு மேலே வந்தார் என்று கதை இருக்கும். அந்தத் துளையைச் சுற்றிய நிலம் அந்தக் குலத்துக்கு. கதைதான் பத்திரம்.

கரகக் கதையும் அப்படித்தான். திகளர் தங்களை அக்னி குலம் என்பார்கள். திரௌபதியும் துருபதன் வேள்வித் தீயில் பிறந்தவள். ஆக அவள் அவர்களுக்குத் தாய். வாளேந்திச் சூழ்ந்து வரும் வீரகுமாரர்கள் அவளுடைய பிள்ளைகள். இந்த உறவோடு தண்ணீரும் சேர்ந்தே வருகிறது. கரகச் சடங்குக்குச் சம்பங்கி ஏரி வேண்டும். அதன் கரையில் தோட்டம் போட்டவர்களும் இவர்களே. ஆண்டுதோறும் ஊர் பார்க்க அங்கே போய் வருவது வெறும் பக்தி என்று நான் நினைக்கவில்லை. இந்தத் தண்ணீர் யாருடையது என்பதை ஊருக்கு நினைவூட்டும் நடை அது.

1896இல் ஹெசரகட்டாவிலிருந்து குழாய்த் தண்ணீர் வந்தது. நகரத்துக்கு ஏரிகளின் தேவை குறைந்தது. தர்மாம்புதி ஏரி இருந்த இடத்தில் இன்று மெஜஸ்டிக் பஸ் நிலையம். சம்பங்கி ஏரி கண்டீரவா ஸ்டேடியம் ஆயிற்று. தோட்டக்காரர்கள் மனுகூடப் போட்டுப் பார்த்தார்கள், ஏரி போய்விட்டது. ஸ்டேடியத்தின் ஓரமாக ஒரு சிறு குளம் மட்டும் தப்பியது. கரகத்துக்கு வேண்டும் என்பதற்காக விட்டுவைத்தது அது.