உப்புக் காற்றும் பியானோவும்

சவேரியார் 1542-இல் வந்திறங்கிய முத்துக்குளித்துறையில் ஆர்மோனியம் உண்டு, கீபோர்டு உண்டு. இந்தக் கரையிலுள்ள உவரி அந்தோனியார் கோயிலுக்குச் செவ்வாய்க்கிழமை வருகிறவர்களுக்கு அந்த ஒலி பழகியது. பியானோ மட்டும் ஏன் இந்தக் கரையில் அபூர்வம்?

உவரியின் கப்பல் மாதா கோயிலருகே சற்று நேரம் நின்றால் பாதி விடை கிடைக்கும். முகத்தில் பிசுபிசுக்கும் அந்த உப்புக் காற்று பியானோவுக்குப் பகை. உள்ளே ஏறத்தாழ 230 எஃகுக் கம்பிகள். கச்சேரிப் பியானோவில் அவற்றின் மொத்த இழுவிசை 20 டன் அளவுக்குப் போகும்; அதைத் தாங்கவே வார்ப்பிரும்புச் சட்டம். ஈரத்தில் உள்பலகை உப்பும், வறட்சியில் சுருங்கும், சுருதி கலைந்துவிடும். கம்பியில் துரு ஏறினால் நாதமே போச்சு.

சென்னையும் கடலோரம்தானே? ஆமாம். ஆனால் அங்கே கருவியோடு அதைப் பேணும் ஏற்பாடும் வந்தது. மியூசி மியூசிக்கல் கடை 1842-இலும், மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷன் 1893-இலும் தொடங்கின. ட்யூனர், ஆசிரியர், டிரினிட்டி இசைத் தேர்வு எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். கருவியைவிட இந்தச் சூழல்தான் கலைஞனை உருவாக்கியது என்பது என் உறுதியான கருத்து.

அந்தச் சூழலில் வளர்ந்தவர் பியானோ கலைஞர் லிடியன் நாதஸ்வரம். 2005-இல் பிறந்தவர். தந்தை வர்ஷன் சதீஷ் இசையமைப்பாளர்; அக்கா அமிர்தவர்ஷினி புல்லாங்குழல் கலைஞர். தாளக் கருவியில் தொடங்கிய பையன் பியானோவுக்கு வந்தார்; ஏ.ஆர்.ரஹ்மானின் கே.எம். இசைக் கல்லூரியில் பயின்றார். 2019 மார்ச்சில், 13 வயதில், அமெரிக்காவின் 'தி வேர்ல்ட்ஸ் பெஸ்ட்' போட்டியில் வென்று 10 லட்சம் டாலர் பரிசு பெற்றார். ரிம்ஸ்கி-கோர்சகோவின் 'வண்டுப் பறப்பு' இசைத்துண்டை முதலில் நிமிடத்துக்கு 208 தாளத்தில் வாசித்து, பிறகு 325-க்கு ஏற்றினார். உலகம் வேகத்துக்குக் கைதட்டியது. எனக்கு வியப்பு வேறு: அத்தனை விரைவிலும் சுரங்கள் ஒன்றின்மேல் ஒன்று அப்பாமல் தனித்தனியாகக் கேட்டன. விரல் எழும்பும் அளவிலும் மணிக்கட்டின் தளர்விலும் இருக்கிறது அந்தத் தெளிவு. பொறுமையாக, மெதுவாகச் சாதகம் செய்தால்தான் அது வரும்.

மோகன்லால் இயக்கிய 'பரோஸ்' படம் 2024-இல் வெளியானபோது அதன் இசையமைப்பாளர் லிடியனுக்கு வயது 19.

அத்தகைய சூழல் இந்தக் கரைக்கும் வர, கோயில் பாடகர் குழுவில் கீபோர்டு வாசிக்கும் உவரிப் பிள்ளைக்கு, பஸ் ஏறிப் போய்க் கற்றுவரத் திருநெல்வேலியிலாவது பராமரிக்கப்பட்ட ஒரு பியானோவும் ஓர் ஆசிரியரும் வேண்டும்.