பங்கின் பழைய விலை: எந்த எண் உண்மையானது?

கனடாவின் தொலைத்தொடர்புக் கருவி நிறுவனமான நார்டெல் நெட்வொர்க்ஸின் பங்கு, 2000ஆம் ஆண்டு ஜூலை இறுதியில் டொரண்டோ பங்குச் சந்தையில் 124 டாலர் 50 சதம் என்ற உச்சத்தைத் தொட்டது. 2009ஆம் ஆண்டு ஜூன் மாதம் சந்தையின் பட்டியலிலிருந்து அது நீக்கப்பட்டபோது, கடைசி விலை பதினெட்டரைச் சதம்.

இந்த இரண்டு எண்களும் அந்தந்த நாளில் உண்மையாகவே நிலவிய விலைகள். கனடியப் பத்திரிகைகளில் இவை பலமுறை அருகருகே அச்சிடப்பட்டுள்ளன. ஆனால் ஒன்றை மற்றொன்றுடன் நேரடியாக ஒப்பிட்டு வீழ்ச்சியைக் கணக்கிடுபவர், மிஞ்சிய மதிப்பைப் பத்து மடங்கு கூட்டி மதிப்பிடுகிறார்.

காரணம், இடையில் 2006 டிசம்பரில் நார்டெல் தனது பங்குகளைப் பத்துக்கு ஒன்றாக ஒருங்கிணைத்ததுதான். உச்ச விலையில் ஆயிரம் பங்குகளை வைத்திருந்த ஒருவரின் கையில் அன்று 1,24,500 டாலர் மதிப்பு இருந்தது. ஒருங்கிணைப்புக்குப் பின் அவரிடம் மிஞ்சியவை நூறு பங்குகள். எனவே கடைசி நாளில் அவற்றின் மதிப்பு 185 டாலர் அல்ல, 18 டாலர் 50 சதம் மட்டுமே.

ஒரு நிறுவனத்தின் கடந்தகாலப் பங்கு விலைகளை இன்று எவரும் இணையத்தில் சில நொடிகளில் எடுத்துவிடலாம். அப்படி எடுக்கும் அட்டவணை எந்த விலையைக் காட்டுகிறது, எந்தத் தேவைக்கு எந்த விலை பொருந்தும் என்பதை அறிவதே கடினமான பகுதி.

மாறிக்கொண்டேயிருக்கும் கடந்தகாலம்

வழக்கமான விலை அட்டவணை ஒவ்வொரு நாளுக்கும் தொடக்க விலை, அன்றைய உச்ச விலை, தாழ்ந்த விலை, முடிவு விலை, கைமாறிய பங்குகளின் எண்ணிக்கை ஆகியவற்றைத் தருகிறது. பெரும்பாலான அட்டவணைகளில் 'சரிசெய்யப்பட்ட முடிவு விலை' என்ற பத்தி ஒன்றும் இருக்கும். குழப்பம் பெரும்பாலும் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

நிறுவனம் ஒரு பங்கை இரண்டாகப் பிரித்தால் விலை ஏறக்குறையப் பாதியாகிறது. பங்குதாரருக்கு இதில் இழப்பு ஏதுமில்லை. எனினும் விலை வரைபடத்தில் அது பாதாளத்தில் விழுந்ததுபோலத் தோன்றும். அதைத் தவிர்ப்பதற்காகத் தரவு வழங்குவோர் பிரிப்புக்கு முந்தைய விலைகள் அனைத்தையும் பாதியாகக் குறைத்துக் காட்டுகின்றனர்.

ஆப்பிள் நிறுவனம் 1980 டிசம்பரில் முதன்முதலாகச் சந்தைக்கு வந்தபோது ஒரு பங்கு 22 டாலருக்கு விற்கப்பட்டது. 1987, 2000, 2005 ஆகிய ஆண்டுகளில் இரண்டாகவும், 2014இல் ஏழாகவும், 2020இல் நான்காகவும் அதன் பங்குகள் பிரிக்கப்பட்டன. அன்றைய ஒரு பங்கு இதன்மூலம் 224 பங்குகளாகியுள்ளது. ஆகவேதான் இன்றைய அட்டவணைகளில் அந்த 22 டாலர், ஏறத்தாழப் பத்துச் சதமாகக் காட்சியளிக்கிறது. அந்த விலையில் அன்று எவரும் ஆப்பிள் பங்கை வாங்கியதில்லை.

பங்குகள் ஒருங்கிணைக்கப்படும்போது இதற்கு நேரெதிரானது நடக்கிறது. அமெரிக்காவின் சிட்டி குழுமப் பங்கு, நிதி நெருக்கடிக்கு முன்பு 50 டாலருக்கு மேல் விலைபோனது. 2009 மார்ச் மாதத்தில் ஒரு டாலருக்கும் கீழே இறங்கியது. 2011 மே மாதத்தில் அந்த நிறுவனம் பத்துப் பங்குகளை ஒன்றாக்கியது. அதன் பின்னர் தயாரிக்கப்பட்ட அட்டவணைகளில் பழைய உச்சம் 500 டாலருக்கும் மேலாகவும், நெருக்கடிக்கால அடிமட்டம் பத்து டாலரை ஒட்டியும் தெரிகின்றன.

இதில் வரலாற்றின் ஒரு முக்கியச் செய்தி மறைந்துபோவதையும் சொல்ல வேண்டும். ஒரு பங்கு ஒரு டாலருக்குக் கீழே போவது வெறும் எண் அல்ல. தொடர்ந்து முப்பது வர்த்தக நாட்களுக்குச் சராசரி முடிவு விலை ஒரு டாலருக்குக் குறைவாக இருந்தால், நியூயார்க் பங்குச் சந்தை அந்த நிறுவனத்துக்கு எச்சரிக்கை விடுத்து, நிலைமை சீராகாவிட்டால் பட்டியலிலிருந்து நீக்கலாம். 2002இல் நார்டெல் பங்கு ஒரு டாலருக்குக் கீழே வீழ்ந்தபோது ஊழியர்களையும் முதலீட்டாளர்களையும் கலங்கவைத்தது இந்த அச்சமும்தான். சரிசெய்யப்பட்ட அட்டவணையைப் பார்ப்பவருக்கோ அன்றைய விலை பல டாலர்களாகத் தெரியும். அச்சத்தின் காரணம் தெரியாது.

ஈவுத்தொகை, இலங்கை வழக்கில் பங்கிலாபம், மற்றொரு சிக்கல். ஈவுத்தொகை பெறும் உரிமை முடிவடையும் நாளன்று, அத்தொகையளவுக்குப் பங்கு விலை இறங்குவது இயல்பு. அதனை ஈடுகட்டும்விதமாக முந்தைய விலைகள் சிறிதளவு குறைக்கப்படுகின்றன. தாராளமாக ஈவுத்தொகை வழங்கும் ஒரு நிறுவனத்தின் முப்பதாண்டுக்கு முந்தைய விலை, இப்படிக் குறைக்கப்பட்டுக் குறைக்கப்பட்டு, உண்மையில் நிலவிய விலையின் ஒரு சிறு பகுதியாகிவிடலாம். ஒரே நாளின் விலையை இந்த ஆண்டு ஒருமுறையும் அடுத்த ஆண்டு ஒருமுறையும் எடுத்தால் இரண்டும் வேறுபடுவதற்கும் இதுவே காரணம்.

முதலீடு எவ்வளவு வளர்ந்தது என்று அறிய விரும்புபவருக்குச் சரிசெய்யப்பட்ட விலையே ஏற்றது. வெறும் விலையை மட்டும் பார்த்தால், ஆண்டுதோறும் கைக்கு வந்த ஈவுத்தொகை கணக்கில் சேராமல் போய்விடும். ஆனால் வரி அலுவலகத்துக்குத் தேவைப்படுவது வேறு.

வரிக்கு எந்த விலை?

பல நாடுகளின் வரிச் சட்டங்கள், குறிப்பிட்ட ஒரு பழைய நாளின் சந்தை விலையை அடித்தளமாகக் கொண்டுள்ளன. கனடாவில் மூலதன ஆதாய வரி 1972இல் நடைமுறைக்கு வந்தபோது, சந்தையில் பட்டியலிடப்பட்ட பங்குகளுக்கு 1971 டிசம்பர் 22ஆம் தேதி மதிப்பீட்டு நாளாக வைக்கப்பட்டது. பிரிட்டனில் நீண்டகாலமாக வைத்திருக்கும் பங்குகளுக்கு 1982 மார்ச் 31ஆம் தேதியின் மதிப்பு எடுத்துக்கொள்ளப்படுகிறது. அமெரிக்காவில் ஒருவர் இறக்கும்போது விட்டுச்செல்லும் பங்குகளுக்கு, பொதுவாக அவர் இறந்த நாளின் உச்ச விலைக்கும் தாழ்ந்த விலைக்கும் இடைப்பட்ட சராசரியே மதிப்பு.

இந்தியாவில் பங்கு வைத்திருக்கும் வெளிநாடுவாழ் தமிழர்கள் பலரைத் தொடுவது 2018 ஜனவரி 31ஆம் தேதி. அதற்கு முன்பு வாங்கிய பட்டியலிடப்பட்ட பங்கை விற்கும்போது, அன்று சந்தையில் பதிவான உச்ச விலையை, விற்பனை விலையைத் தாண்டாத வரையில், வாங்கிய விலைக்குப் பதிலாகக் காட்ட இந்தியச் சட்டம் அனுமதிக்கிறது.

இன்ஃபோசிஸ் பங்கை எடுத்துக்கொள்வோம். அன்று அது 1,100 ரூபாய்க்கு மேல் விலைபோனது. அதே ஆண்டு செப்டம்பரில் ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் அந்த நிறுவனம் போனஸ் பங்கு வழங்கியது. இன்றைய அட்டவணையில் அதே நாளின் விலை அதில் பாதியாகத் தெரியும். ஈவுத்தொகைக்கும் சரிசெய்த பத்தியில் இன்னும் குறைவு. நூறு பங்குகளை முன்பே வாங்கி, போனஸாக இன்னொரு நூறு பெற்றவர், முதல் நூறுக்கு அன்றைய முழு விலையையும் காட்டலாம். பிந்தி வந்த நூறு போனஸ் பங்குகளின் அடக்க விலை பூஜ்யம். அட்டவணையில் கண்ட பாதி விலையை முதல் நூறுக்குக் காட்டுபவர் தேவையற்ற வரியைக் கட்டுகிறார்.

இன்னொரு எச்சரிக்கையும் தேவை. சரிசெய்யப்படாததுபோலத் தோன்றும் சாதாரண 'முடிவு விலை' பத்தியிலும் பங்குப் பிரிப்புக்கான திருத்தத்தைப் பல இணையதளங்கள் ஏற்கனவே செய்துவிடுகின்றன. அன்று உண்மையில் நிலவிய விலை வேண்டுமானால் சந்தையின் அன்றாடப் பதிவையோ, தரகர் அனுப்பிய ஒப்பந்தச் சீட்டையோ, அந்நாளைய பத்திரிகையையோதான் நாட வேண்டும். பத்திரிகையிலும் கண்ணை ஏமாற்றும் இடங்கள் உண்டு. 2001 வரை அமெரிக்கப் பங்கு விலைகள் பதினாறில் ஒன்று, எட்டில் ஒன்று எனப் பின்னங்களில் அச்சாயின. லண்டன் விலைகள் பெரும்பாலும் பவுண்டில் அல்ல, பென்ஸில். 450 என்றால் நாலரைப் பவுண்ட்.

அட்டவணையில் இல்லாதவை

விலை வரலாறு சொல்லாமல் விடுவதும் உண்டு. உச்சத்தில் இருந்தபோது, டொரண்டோ சந்தையின் 300 நிறுவனங்களைக் கொண்ட குறியீட்டெண்ணின் மதிப்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் நார்டெல் ஒன்றுடையதே. குறியீட்டெண்ணைப் பின்பற்றிய ஓய்வூதிய நிதியங்களின் பணமும் அதனோடு சேர்ந்தே கரைந்தது. ஆனால் இன்றைய குறியீட்டெண்ணில் உள்ள நிறுவனங்களின் பழைய விலைகளைத் திரட்டி, கனடியப் பங்குகள் இருபத்தைந்து ஆண்டுகளில் எப்படி வளர்ந்தன என்று ஆராய்பவரின் கையில் நார்டெல் சிக்காது. பிழைத்தவர்களை மட்டும் எண்ணும் ஆய்வில் விளைச்சல் எப்போதும் நன்றாகவே இருக்கும்.

ஜெனரல் மோட்டார்ஸின் விலை வரலாறு இன்றைய அட்டவணைகளில் 2010 நவம்பரில் தொடங்குகிறது. நூறாண்டு பழமையான நிறுவனத்துக்கு இது விந்தையாகத் தோன்றலாம். 2009இல் திவாலான பழைய நிறுவனத்தின் பங்குகள் மதிப்பிழந்துபோயின. அதே பெயரில் வந்த புதிய நிறுவனத்தின் பங்குகளுக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை.

நார்டெலைப் பொறுத்தவரை இன்னொரு திருத்தமும் நடந்தது. தனது கடந்தகால வருவாய்க் கணக்குகளை அந்த நிறுவனம் 2003ஆம் ஆண்டு முதல் ஒன்றுக்கு மேற்பட்ட முறை மாற்றி வெளியிட்டது. 2004 ஏப்ரலில் தலைமை நிர்வாகி ஃபிராங்க் டன் பதவிநீக்கம் செய்யப்பட்டார். மோசடிக் குற்றச்சாட்டிலிருந்து அவரையும் வேறு இருவரையும் ஒன்டாரியோ நீதிமன்றம் 2013இல் விடுவித்தது. கணக்கு பின்னோக்கித் திருத்தப்பட்டதே தவிர, பழைய கணக்கை நம்பி மக்கள் கொடுத்த விலை திருத்தப்படவில்லை. அந்நாளைய விலையைத் திருத்திய வருவாயால் வகுத்துப் பார்க்கும் ஆய்வாளர், வாங்கியவர்களின் கண்முன் ஒருபோதும் இருந்திராத ஒரு விகிதத்தையே பெறுகிறார்.

நார்டெல் பங்கை எல்லோரும் தேடிச்சென்று வாங்கியதாகவும் சொல்ல முடியாது. பெல் கனடாவின் தாய் நிறுவனமான பிசிஇ, தன்னிடமிருந்த நார்டெல் பங்குகளில் பெரும்பகுதியை 2000 மே மாதத்தில் தனது பங்குதாரர்களுக்கே பகிர்ந்தளித்தது. பாதுகாப்பான தொலைபேசி நிறுவனம் என்று நம்பி, ஈவுத்தொகைக்காகப் பல்லாண்டுகள் பிசிஇ பங்கை வைத்திருந்த ஓய்வூதியர்களும் இவ்வாறு நார்டெல் பங்குதாரர்களாயினர்.

திவாலான நிறுவனத்தின் பங்கைப் பூஜ்ய விலைக்கு விற்றதாகக் காட்டி, அந்த நஷ்டத்தை மற்ற மூலதன ஆதாயங்களுக்கு எதிராகக் கழித்துக்கொள்ள கனடியச் சட்டம் இடமளிக்கிறது. பயன்படுத்தப்படாத நஷ்டத்தைக் காலவரையின்றிப் பின்வரும் ஆண்டுகளுக்கு எடுத்துச்செல்லவும் முடியும். ஆனால் நஷ்டம் எவ்வளவு என்று காட்ட, முதலில் அடக்க விலை தெரிய வேண்டும். பிசிஇ வழியாக நார்டெல் பங்குகளைப் பெற்றவர்களுக்கு, அவை தொடங்கும் இடம் பல்லாண்டுகளுக்கு முன்பு பிசிஇ பங்கை வாங்கியபோது கொடுத்த விலை. அதை இரண்டு பங்குகளுக்கும் பிரிக்கத் தேவைப்படுவது, இரண்டும் 2000 மே மாதத்தில் சந்தையில் விலைபோன விலை.