வீட்டுக்கு எத்தனை நாய்?

கிள்ளானில் எங்கள் வீடு வரிசை வீடு. இடப்பக்கம் சீனக் குடும்பம், வலப்பக்கம் மலாய்க் குடும்பம், பின்சந்துக்கு அந்தப் பக்கம் எங்களைப் போலவே தோட்டத்திலிருந்து வந்த ஒரு தமிழ்க் குடும்பம். அம்மாவிடம் மூன்று நாய்கள் இருந்தன. டைகர், பிளாக்கி, ராணி. மூன்றும் விலைக்கு வாங்கியவை அல்ல. சந்தைக்குப் பின்னால், சாக்கடை ஓரத்தில், மழையில் கிடைத்தவை. யாரோ புகார் கொடுத்து நகராண்மைக் கழகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். மரியாதையான மனிதர்தான். இந்த மாதிரி வீட்டுக்கு மூன்று கூடாது, உரிமம் எடுங்கள், மிச்சத்தை ஏதாவது செய்துவிடுங்கள் என்று சொல்லி ஒரு கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். அன்று இரவு அம்மா என்னைக் கூப்பிட்டார். “நீ படிச்ச புள்ளதானே. எது மிச்சம்னு நீயே சொல்லு தம்பி.”

என்னால் சொல்ல முடியவில்லை. படித்த புள்ள என்ன செய்யும், படிக்கத்தான் செய்யும். நாய் உரிமத் துணைச்சட்டங்களைத் தேடி வாசிக்க ஆரம்பித்தேன்.

சிலாங்கூரில் பல நகராண்மைகள் இன்று வைத்திருக்கும் நாய் உரிமத் துணைச்சட்டங்கள் 2007ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. எத்தனை நாய் என்ற எண் ஊருக்கு ஊர் மாறலாம், கணக்குப் போடும் விதம் ஏறக்குறைய ஒன்றுதான். வரிசை வீட்டுக்குக் குறைவு, பங்களாவுக்குக் கூடுதல். அடுக்குமாடி என்றால் பெரும்பாலும் சிக்கல்தான். 2015இல் வந்த அடுக்குமாடிப் பராமரிப்பு விதிகள், பக்கத்து வீட்டாருக்குத் தொல்லை தரும் பிராணி எதையும் வைத்திருக்கக் கூடாது என்கின்றன. எது தொல்லை என்று முடிவு செய்வது எப்போதும் அடுத்தவர். சிங்கப்பூரில் இது இன்னும் சுத்தம். வீவக வீட்டுக்கு ஒரு நாய், அதுவும் அனுமதிக்கப்பட்ட பட்டியலில் உள்ள சிறிய இனம். தனியார் வீட்டுக்கு மூன்று.

கவனித்துப் பார்த்தால் இந்தச் சட்டங்கள் நாயை அளப்பதே இல்லை. குரைக்குமா, கடிக்குமா, ஊசி போட்டதா என்பதெல்லாம் அப்புறம். முதலில் அளக்கப்படுவது வீடு. நம் ஊரில் வீடு என்றால் வருமானம். அதனால் இந்த வரலாற்றை நாயிலிருந்து தொடங்காமல் வீட்டிலிருந்து தொடங்குவதுதான் சரி என்று எனக்குத் தோன்றியது.

அதற்கு முன் ஒரு சின்னச் சுற்று. நாய்க்கு வரி என்ற யோசனை 1796இல் இங்கிலாந்தில் சட்டமானது. ஜான் டென்ட் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் கொண்டுவந்தார், அதனாலேயே அவருக்கு ‘நாய் டென்ட்’ என்று பட்டப்பெயர் விழுந்தது. வெறிநாய்க்கடி ஒரு காரணம். ஏழைகள் நாய் வளர்த்து உணவை வீணாக்குகிறார்கள் என்பது இன்னொரு காரணம். வேட்டைநாய்க் கூட்டம் வைத்திருக்கும் பிரபு மட்டும் மொத்தமாக ஒரு தொகையைக் கட்டிவிட்டால் போதும், அவருடைய நாய்களை யாரும் எண்ண மாட்டார்கள். தொடக்கத்திலேயே ஆட்டம் இப்படித்தான் இருந்திருக்கிறது.

காலனிகளில் வரிக்குப் பதில் தடி. பம்பாயில் தெருநாயைக் கொன்று கொண்டுவந்தால் 8 அணா. காசுக்காக நாய் பிடிப்பவர்கள் வீட்டு நாயையும் விடவில்லை. 1832 ஜூன் மாதம் பார்சிகள் கடையடைத்துக் கலவரத்தில் இறங்கினார்கள். அந்நகரத்தின் முதல் கலவரங்களில் ஒன்று நாய்க்காக நடந்தது என்பதை நம்மில் எத்தனை பேர் படித்திருக்கிறோம்? இரண்டு வருடம் கழித்து ஜம்செட்ஜி ஜீஜீபாயும் அவருடைய நண்பர்களும் அங்கே பிராணிகளுக்கான பாஞ்சராபோல் காப்பகத்தைத் தொடங்கினார்கள். இலங்கையில் 1893இல் வெறிநாய்க்கடிச் சட்டமும் 1901இல் நாய்ப் பதிவுச் சட்டமும் வந்தன. யாழ்ப்பாணத்திலிருந்து மலாயா ரயில்வேக்குக் கிராணியாகவும் ஸ்டேஷன் மாஸ்டராகவும் வந்து பிரிக்பீல்ட்ஸில் குடியேறியவர்களுக்கு நாய்க்கு லைசன் என்பது புதுச் செய்தியாக இருந்திருக்காது.

இனி கோலாலம்பூருக்கு வருவோம். 1952. அவசரகாலம் உச்சத்தில் இருந்த வருடம். பிப்ரவரியில் டெம்ப்ளர் வந்து இறங்குகிறார். அதே பிப்ரவரி 16ஆம் தேதி கோலாலம்பூர் நகராண்மைக்கு முதல் தேர்தல் நடக்கிறது. அம்னோவும் மசீசவும் கைகோத்து 12 இடங்களில் 9ஐப் பிடிக்கின்றன. பின்னால் நாட்டையே ஆண்ட கூட்டணி பிறந்தது இந்த நகராண்மைத் தேர்தலில்தான். இதையெல்லாம் பள்ளிப் புத்தகத்தில் படித்தோம். அந்தப் புத்தகத்தில் இல்லாத இன்னொன்று, அதே வருடம் கோலாலம்பூரில் வெறிநாய்க்கடி நோய் பரவியது. அரசாங்கம் தெருநாய்களைக் கொன்றது. கூடவே, அந்தக் காலத்தில் புதிதாக வந்திருந்த ஃப்ளூரி தடுப்பூசியை நாய்களுக்குக் கட்டாயமாகப் போட்டது. கோழி முட்டைக் கருவில் வளர்த்தெடுத்த உயிருள்ள தடுப்பு மருந்து அது. ஒரே ஊசியில் நாய்க்கு நீண்ட காலப் பாதுகாப்பு. சில வருடங்களுக்குள் நோய் அடங்கியது. தாய்லாந்து எல்லையை ஒட்டி நாய்களுக்குத் தொடர்ந்து ஊசி போடும் ஒரு தடுப்பு வளையமும் உருவானது. உலக சுகாதார நிறுவனத்தின் ஏட்டில் இதைப் பற்றிக் கட்டுரை வந்தது. உலகத்துக்கே அது ஒரு பாடமாக இருந்திருக்கிறது.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது ஒன்றுதான். அன்று நாய் வைத்திருந்தவனிடம் முதலில் கேட்ட கேள்வி ‘ஊசி போட்டாச்சா?’ என்பது. ‘எத்தனை?’ என்பதல்ல. நோயை நிறுத்தியது முதல் கேள்விதான்.

இரண்டாவது கேள்வி எப்போது முன்னால் வந்தது என்பதற்கு ஒரு தேதி சொல்ல முடியாது. ஆனால் அதைக் கேட்கும் அதிகாரம் யார் கைக்குப் போனது என்று சொல்லலாம். 1961இல் கோலாலம்பூர் நகராண்மைக்குத் தேர்தல் நின்றது. நியமன ஆணையர் ஒருவர் ஆள ஆரம்பித்தார். 1965இல் இந்தோனேசிய மோதலைக் காரணம் காட்டி நாடு முழுவதும் ஊராட்சித் தேர்தல்களை நிறுத்தினார்கள். அதே வருடம் ஊராட்சிகளை ஆராய ஓர் அரச ஆணையம் அமைந்தது. அதன் தலைவர் ஒரு தமிழர், செனட்டர் ஆதி நாகப்பன். (ஜான்சி ராணிப் படையில் இருந்த ஜானகியின் கணவர் என்று சொன்னால்தான் இப்போது சிலருக்குத் தெரிகிறது.) தேர்தலைத் திரும்பக் கொண்டுவாருங்கள் என்றது அவருடைய அறிக்கை. 1976இல் வந்த ஊராட்சிச் சட்டம் தேர்தலை ஒரேயடியாக மூடிவிட்டது. இன்று துணைச்சட்டங்களை நிறைவேற்றுகிற நகராண்மை உறுப்பினர் எல்லாரும் நியமிக்கப்பட்டவர்கள். அம்மாவின் மூன்றாவது நாயைப் பற்றி முடிவெடுக்கும் எவரையும் அம்மா தன் வாழ்நாளில் ஒருமுறைகூட வாக்குப் போட்டுத் தேர்ந்தெடுத்ததில்லை. நாய் விஷயத்துக்கு இவ்வளவு பெரிய பேச்சா என்று கேட்கலாம். குப்பை, சாக்கடை, தெருவிளக்கு, நாய், இவைதானே ஊராட்சி?

சரி, வீட்டுக்கு வருகிறேன்.

அம்மா பிறந்தது லயத்தில். லயத்தில் நாய் யாருடையது என்று கேட்டால் சிரிப்பார்கள். அது லயத்து நாய். விடியற்காலை இருட்டில் தாத்தா பால்மரக் காட்டுக்குக் கிளம்பும்போது கூடவே நாலைந்து போகும். தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் வெட்டுகிறவனுக்கு முன்னால் பாம்பு கிடந்தால் அவைதான் முதலில் காட்டிக் கொடுக்கும். ஞாயிற்றுக்கிழமை காட்டுப்பன்றி வேட்டைக்கு அவையேதான் போகும். சோறு எந்த வீட்டில் மிஞ்சுகிறதோ அந்த வீட்டில் அன்றைக்குத் தங்கும். தோட்டத்து எல்லையில் முனியாண்டி கோயில். அங்கே சிமென்டில் செய்த நாய்க்கும் சேர்த்துத்தான் மாலை. எண்ணிக்கை யாருக்குத் தெரியும்? பெயர் எல்லாருக்கும் தெரியும்.

நாய்க்குப் பெயர் என்பது நமக்குப் பழைய வழக்கம். திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. மாடு பிடிக்க வந்தவர்களோடு நடந்த சண்டையில் இறந்த வீரனுக்கு எடுத்த கல். அவனுக்குப் பக்கத்தில் அவனுடைய நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். கள்வரைக் கடித்துக் காவல் நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன் என்றும் பொறித்து வைத்திருக்கிறார்கள். 1400 வருடமாக அந்தப் பெயர் கல்லில் நிற்கிறது. அம்மா நிரப்பிய பாரத்தில் இனம், நிறம், ஆணா பெண்ணா என்று எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது. பெயருக்குக் கட்டம் இல்லை. அம்மா ஓரத்தில் எழுதிவைத்தார்.

கிள்ளான் பள்ளத்தாக்கின் பெரிய நகரங்களில் பல தோட்டங்களின் மேல் எழும்பியவை. சுபாங் ஜெயா இருப்பது சீபீல்ட் தோட்டத்தின் மேல். புத்ராஜெயாவுக்காக பெராங் பெசார் உள்ளிட்ட 4 தோட்டங்கள் போயின. அங்கிருந்த சுமார் 400 குடும்பங்கள் டிங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்கு மாற்றப்பட்டன. தரை வீடு தருவதாகச் சொன்ன வாக்குறுதிக்காக அவர்கள் வருடக்கணக்கில் போராடியதும், அந்த அடுக்குமாடிகளில் விரிசல் விட்டதும் நாளிதழ்களில் வந்த செய்திகள். பிரிக்பீல்ட்ஸில் ரயில்வேக்காரர்கள் குடியிருந்த ‘நூறு வீடு’ குவார்ட்டர்ஸும் இடிக்கப்பட்டது. பெயர்ந்த குடும்பத்தின் இழப்பைப் பட்டியல் போடும்போது வீடு, வேலை, கோயில், பள்ளி, சுடுகாடு என்று எழுதுகிறோம். நாயை யாரும் எழுதுவதில்லை. எங்கள் குடும்பம் தோட்டத்தைவிட்டுக் கிளம்பிய நாளில் லோரிக்குப் பின்னால் டாம்பீட் சாலைவரை ஓடிவந்த நாயைப் பற்றி அம்மா இரண்டே தடவைதான் பேசியிருக்கிறார். போன இடம் நாலாவது மாடி. அங்கே ஒரு நாய்கூடக் கிடையாது. பல வருடம் கழித்துக் கிள்ளானில் தரை வீடு வாங்கியபோது அம்மா செய்த முதல் காரியம் டைகரைத் தூக்கிவந்தது.

சட்டம் நாய்க்கு ஒரு முதலாளியும் ஒரு முகவரியும் கேட்கிறது. முகவரி போன மனிதனின் நாய் அன்றைக்கே தெருநாய் ஆகிவிடுகிறது. பிறகு அதைப் பிடிக்க லோரி வருகிறது. தெருநாய்கள் எங்கிருந்து வருகின்றன என்று கேட்கிறவர்கள் இதையும் ஒரு கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மிச்சத்தை ஏதாவது செய்வது என்றால் என்ன என்பதைக் கிள்ளான்காரர்கள் 2009இல் கண்ணால் பார்த்தார்கள். கிள்ளான் துறைமுகத்திலிருந்து படகில் போனால் புலாவ் கெத்தாம், கட்டைக்கால்களின் மேல் நிற்கும் சீன மீனவர் ஊர். தீவில் நாய் பெருகிவிட்டது. ஊர்க்காரர்கள் கொல்லவில்லை. 300க்கும் மேற்பட்ட நாய்களைப் பிடித்து, ஆளில்லாத இரண்டு அலையாத்தித் தீவுகளில் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே குடிக்க நல்ல தண்ணீர் கிடையாது, தின்ன ஒன்றும் கிடையாது. பிராணி நலக் குழுக்கள் படகெடுத்துப் போனபோது சில நாய்கள் செத்த நாய்களைத் தின்றுகொண்டிருந்தன. அப்போது நடப்பில் இருந்த 1953ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிராணிவதைக்கு அபராதம் 200 ரிங்கிட். 2015இல் நிறைவேறிய பிராணி நலச் சட்டத்தில் அது 20,000 முதல் 1,00,000 வரை போனது.

எதிர்த்தரப்பிலும் நியாயம் இருக்கிறது. சரவாக்கில் 2017 முதல் வெறிநாய்க்கடியில் மனிதர்கள் இறந்திருக்கிறார்கள். இரவுப் பணி முடிந்து வருகிறவனின் மோட்டாரை எட்டு நாய் துரத்தினால் அவனிடம் கோவிவன் கதையைச் சொல்ல முடியாது. ஒரே வீட்டில் இருபது நாயை அடைத்து, பட்டினி போட்டு, அதை அன்பு என்று சொல்கிறவர்களும் உண்டு. வரம்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எண்ணிக்கை ஒரு சோம்பேறி அளவுகோல் என்று மட்டும் சொல்கிறேன். சென்னையில் தெருநாய்க்குக் கருத்தடை செய்யலாம் என்ற யோசனையை ப்ளூ கிராஸ் 1964இலேயே வைத்தது. மாநகராட்சி அதற்குச் சம்மதிக்க 1996 ஆயிற்று. நடுவில் கொன்ற நாய்களுக்குக் கணக்கு மட்டும் ஒழுங்காக இருந்திருக்கும்.

மதம்? அதையும் சொல்லிவிடுகிறேன். நாய்ப் பேச்சு வந்தாலே இங்கே எல்லாரும் குரலைத் தாழ்த்துகிறோம். 2014இல் பண்டார் உத்தாமாவில் ‘நாயைத் தொட விரும்புகிறேன்’ என்ற நிகழ்ச்சி நடந்து பெரிய சர்ச்சையானது எல்லாருக்கும் நினைவிருக்கும். எங்கள் பாரத்தோடு பக்கத்து வீட்டாரின் சம்மதக் கையெழுத்தும் கேட்டார்கள். வலப்பக்கத்து மக்சிக்கிடம் போக அம்மாவுக்குத் தயக்கம். புகார் கொடுத்ததே அவராக இருக்குமோ என்று நானும் நினைத்திருந்தேன். மக்சிக் கண்ணாடியைத் தேடி எடுத்துவந்து முழுதாக வாசித்து, கையெழுத்துப் போட்டார். தொழுகைக்குக் கிளம்பும் நேரத்தில் கதவைச் சாத்தி வையுங்கள், போர்ச்சுப் பக்கம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான் என்றார். அம்மா அதை இன்றுவரை தவறவிட்டதில்லை. புகார் யார் கொடுத்தார் என்று கடைசிவரை தெரியவில்லை.

மிச்சம் ராணி. பின்சந்துக்கு அந்தப் பக்கத்து அக்கா தன் பெயரில் பாரம் போட்டுக்கொண்டார். அவர் வீட்டில் நாய் கிடையாது. ஆவணப்படி ராணி அங்கே குடியிருக்கிறாள். வருடா வருடம் உரிமம் புதுப்பிக்கும் நாளில் அம்மா பணத்தை எடுத்துக்கொண்டு பின்கதவு வழியாகப் போவார். “வைங்கக்கா, நம்ம நாய்தானே” என்று அவர் வாங்க மாட்டார். அம்மா அதை அவர் வீட்டு சாமிமேடையில் வைத்துவிட்டு, வில்லையை வாங்கிக்கொண்டு திரும்புவார். ராணி சந்து நடுவில் உட்கார்ந்திருக்கும்.